ஆயிரம் தொடர், பார்த்தது மூன்று: சந்தா கேள்வி-பதில்

கே: வெளிநாட்டுத் தொடர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு என்று நம்பி ஓடிடி-க்கு ஓராண்டுச் சந்தா கட்டினோம். பார்த்தது மூன்று. மற்ற நாளெல்லாம் நம் மொழி சீரியலும் செய்தியும்தான். புதுப்பிக்கலாமா?

வேண்டாம். அந்த மூன்றையும் இரண்டு மாதச் சந்தாவிலேயே பார்த்து முடித்திருக்கலாம்.

பெரும்பாலான சேவைகளில், கணக்கைத் திறந்தால் இதுவரை பார்த்தவற்றின் பட்டியல் இருக்கும். புரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்பதால் வீட்டில் எல்லாருடையதையும் எடுங்கள். கடைசி மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் பார்த்த வெளிநாட்டு நிகழ்ச்சிகளை மட்டும் எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் விட்டதெல்லாம் சேர்த்தி இல்லை. மாதத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை என்றால், வேண்டியபோது ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். தானாகப் புதுப்பிப்பதைப் பணம் கட்டிய அன்றே அணைத்துவிடலாம். கட்டிய காலம் முடியும்வரை பொதுவாகப் படம் ஓடும். ஆப் ஸ்டோர் வழியாகவோ போன் கம்பெனி வழியாகவோ கட்டியிருந்தால் அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும். ஆப்பை டெலிட் செய்தால் சந்தா நிற்காது.

உங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. ஜோசப் ஸ்ட்ராபார் என்ற ஆய்வாளர் 1991-இல் இதற்குப் 'பண்பாட்டு நெருக்கம்' என்று பெயரே வைத்தார். சொந்த மொழியில், சொந்த ஊர்ச் சாயலில் ஒன்று கிடைத்தால் மக்கள் பொதுவாக அதன் பக்கம்தான் சாய்வார்கள். போஸ்டரில் வெளிநாட்டு முகத்தைப் போட்டுவிட்டு உள்ளூர் சீரியலை வைத்து ஆளைப் பிடித்துவைப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

கே: எல்லா நாட்டுச் சேனலும் வரும், ஒரே முறை பணம், வாழ்நாள் முழுக்க என்று சொல்லி விற்ற ஆண்ட்ராய்டு பெட்டியை அப்பாவுக்கு வாங்கினேன். இரண்டே மாதத்தில் திரை கறுத்துவிட்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

உங்களைத் திட்ட மனம் வரவில்லை. அப்பாவுக்கு ஆசையாக வாங்கித் தந்ததில் ஏமாந்திருக்கிறீர்கள். உரிமம் இல்லாமல் சேனல்களைத் திருப்பிவிடும் சர்வர் ஒன்றுதான் அந்த 'வாழ்நாள்'. அதை மூடினால் பெட்டியின் ஆயுளும் முடிந்தது.

முதலில் பெட்டியை வைஃபையிலிருந்து கழற்றுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே தீய மென்பொருள் ஏற்றப்பட்டு வருவதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது, பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர். ஃபர்ம்வேரிலேயே, அதாவது பெட்டியோடு பதிந்து வரும் அடிப்படை மென்பொருளிலேயே புதைந்திருந்தால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. வைஃபை கடவுச்சொல்லையும், அந்தப் பெட்டியில் தட்டிய ஒவ்வொரு கணக்கின் கடவுச்சொல்லையும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

அடுத்தது பணம். கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் இன்றே எழுத்தில் கொடுங்கள். இதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போட்டால் போச்சு. விளம்பரத்தில் 'வாழ்நாள்' என்ற சொல் தெரியும் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது மூன்றையும் இணையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதே காகிதங்களோடு நுகர்வோர் புகார்தான் வழி.

கே: 4கே ஸ்டிக்கர் பார்த்து வாங்கிய பெட்டியில் வெளிநாட்டுத் தொடர் மங்கலாக ஓடுகிறது. உயர்ந்த பிளானுக்குத்தான் பணம் கட்டுகிறேன்.

ஸ்டிக்கரைப் பார்த்தீர்கள், சான்றைப் பார்த்தீர்களா? வைட்வைன் என்பது படத்தை நகலெடுக்க விடாமல் காக்கும் பூட்டு; அதில் எல்1 உயர்ந்த நிலை, எல்3 தாழ்ந்த நிலை. அந்தப் பெட்டியில் எல்1 இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால், நீங்கள் எந்த பிளான் கட்டினாலும் பெரிய சேவைகள் படத்தை 480பி என்ற மங்கலான அளவிலேயே நிறுத்திவிடும். டிஆர்எம் இன்ஃபோ போன்ற இலவச ஆப்பில் 'செக்யூரிட்டி லெவல்' என்ற வரியைப் பாருங்கள். எல்3 என்றிருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையேல் பிளானைக் குறையுங்கள். திருப்பும் காலம் தாண்டிவிட்டது என்று அடுத்த கடிதம் போடாதீர்கள்.

கே: கொரியத் தொடரை டப்பிங்கில் சகிக்க முடியவில்லை. ஆங்கில சப்டைட்டில் வைத்தால் எழுத்து ஒன்று, பேச்சு ஒன்றாக இருக்கிறது. டிவி கோளாறா?

டிவி பாவம், விட்டுவிடுங்கள். நான் வெகுநாளாகப் புலம்பும் விஷயம் இது. மெனுவில் 'இங்கிலீஷ்', 'இங்கிலீஷ் சிசி' என்று இரண்டு இருந்தால், சிசி என்பது காது கேளாதவர்களுக்கானது. கதவு தட்டும் ஓசைகூட அதில் எழுத்தில் வரும். வெளிநாட்டுத் தொடரில் அது பல சமயம் ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுதியது. டப்பிங்கோ உதட்டசைவுக்காக வெட்டி ஒட்டியது. ஆக கொரிய ஒலியோடு சிசி வைத்தால் ஒட்டவே ஒட்டாது. 2021-இல் ஸ்க்விட் கேம் வந்தபோது மொழிபெயர்ப்பு மோசம் என்று எழுந்த கூச்சலில் ஒரு பகுதி இந்தக் குழப்பம்தான். சிசி இல்லாத 'இங்கிலீஷ்' வைத்துப் பாருங்கள்.

நம் மொழிக்கு வரும் சப்டைட்டில் பல சமயம் கொரியனிலிருந்து நேராக வருவதில்லை, ஆங்கிலத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. மாமா, சித்தப்பா எல்லாம் அங்கேயே 'அங்கிள்' ஆகிவிடுவார்கள். நம் மொழியில் முறைப்பெயர் ஒவ்வொன்றுக்கும் சொல் இருந்தும் 'அங்கிள்' என்றே வந்து நிற்பதுதான் கொடுமை. டப்பிங்கில் வேறு கூத்து: ஒரிஜினல் ஒலி சுற்றிலும் கேட்கும் 5.1 ஆக இருக்கும், டப்பிங் வெறும் ஸ்டீரியோவாக இருக்கும். முதல் சீசனுக்கு டப்பிங் செய்துவிட்டு இரண்டாவதில் கைகழுவுவதும் உண்டு. அதனால் பணம் கட்டிய அன்றே கடைசி சீசனின் கடைசி எபிசோடைத் திறந்து ஆடியோ மெனுவைப் பாருங்கள். உங்கள் மொழி அங்கே தெரியாவிட்டால் புரொஃபைல் மொழியை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சில சேவைகள் புரொஃபைலுக்குப் பொருந்தும் மொழிகளை மட்டுமே காட்டும்.

கே: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புளூ-ரே செட் ஓடவில்லை.

அட்டையின் பின்னால் உலக உருண்டைக்குள் ஏ, பி, சி என்ற எழுத்து இருக்கும், அது உங்கள் பிளேயரோடு பொருந்த வேண்டும்; 4கே டிஸ்குக்கு இந்த வம்பு கிடையாது, என் அலமாரியிலும் இப்படி ஓடாத ஒரு புளூ-ரே செட் தூங்குகிறது, அது 4கே இல்லை.

கே: ஐரோப்பாவில் ஓடிடி பட்டியலில் 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்பு இருக்க வேண்டுமாமே. அப்படி ஒரு சட்டம் இருந்தால் உள்ளூர் நிகழ்ச்சி நன்றாக வருமா?

எண்ணிக்கை வரும். 2018-இல் திருத்திய விதி அது. பார்வை நேரத்தை அது கேட்பதில்லை, தலைப்புகளைத்தான் எண்ணுகிறது. தொடரின் ஒரு சீசன் ஒரு தலைப்பு. யாரும் தொடாத பழைய படங்களை அடுக்கியும் 30-ஐ எட்டலாம். சந்தா விளம்பரத்தில் வரும் 'இத்தனை ஆயிரம்' என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கே: அண்ணன் அமெரிக்காவிலிருந்து டிவி கொண்டுவருகிறேன் என்கிறான். உள்ளூர்ச் சேனல்கள் வருமா?

ஆன்டெனாவில் பார்ப்பவர் என்றால் அநேகமாக வராது. டிவி அலையை அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு வேறு, டியூனர் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஏடிஎஸ்சி முறை. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் டிவிபி, ஜப்பானில் ஐஎஸ்டிபி. ஒன்றின் அலையை மற்றொன்று படிக்காது. எச்டிஎம்ஐ-யில் செட்டாப் பாக்ஸ் மாட்டினால் படம் வரும். பின்பக்கத்தில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று அண்ணனை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும் என்றிருந்தால் அது அங்கேயே இருக்கட்டும்.