மண், மணல், உப்புக் காற்று: தோட்ட வேலைக்கு எந்த மடக்குக் கத்தி?

கேள்வி: நீலாங்கரை, பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் பக்கம் வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை செய்கிறேன். சொட்டுநீர்க் குழாய் அறுக்க, நாற்றுப் பை கிழிக்க, கயிறு, சாக்கு, சின்னச் சின்ன வேர் வெட்ட என்று நாள் முழுக்கக் கத்தி தேவைப்படுகிறது. ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒரு கறுப்பு மடக்குக் கத்தி வாங்கினேன். மூன்றே மாதத்தில் உள்ளே மணல் புகுந்து நறநறக்கிறது, ஓரமெல்லாம் துரு. போன வாரம் வேர் அறுக்கும்போது பூட்டு நழுவி அலகு மடங்கி, ஆள்காட்டி விரலில் இரண்டு தையல். அழுக்கு வேலையில் நீடித்து உழைக்கிற கத்தியாக எதைப் பார்த்து வாங்குவது? பழையதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முதலில் விரல். மண் பட்ட காயம் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் சொன்னீர்களா? கடைசி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், இந்த மாதிரி அழுக்குக் காயத்துக்கு இன்னொன்று போடுவார்கள். தையல் போட்ட இடத்தில் கேட்காமல் வந்திருந்தால் இன்றே போய்க் கேளுங்கள்.

இருபது வருடமாகத் தோட்டக் கருவிகளுக்குச் சாணை பிடித்துப் பழுது பார்க்கிறேன். கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து வரும் மடக்குக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் சொன்ன இதே நோய்தான். வெட்டும் வாயில் கூர் போய்க் கொண்டுவருகிறவர்கள் குறைவு, மடங்குகிற மூட்டு கெட்டுப்போய் வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் கத்தி கேட்டு வருகிறவர்களிடம் நான் எஃகின் பெயரை முதலில் பேசுவதில்லை. வேலை முடிந்ததும் குழாயடியில் ஒரு நிமிடத்தில் முழுசாகக் கழுவிவிட முடியுமா என்றுதான் கேட்பேன். முடியாது என்றால் அது எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் உங்கள் வேலைக்கு ஆகாது.

உங்கள் கத்தியில் இருப்பது பெரும்பாலும் லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு, அலகைத் திறந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து வந்து அலகின் அடிப்பகுதிக்கு முட்டுக்கொடுக்கும். அந்த முட்டு நிற்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அங்கே நாலு மணல் சிக்கினாலும், ஈரமண் காய்ந்து படிந்தாலும், தகடு முழுசாக வந்து உட்காராது. வெளியே பார்த்தால் பூட்டிய மாதிரியே இருக்கும். வேரில் மாட்டிய அலகைப் பின்னால் இழுக்கும்போது அலகின் முதுகில் அழுத்தம் விழும், தகடு நழுவும். உங்கள் விரலுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் பூட்டும் ரகத்திலும் இந்த ஆபத்து உண்டு. அலகின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும், பூட்டின் பல் அதில் விழும். பள்ளத்தில் மண் அடைத்தால் பல் முழு ஆழத்துக்கு இறங்காது. ஆனால் அதை ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடலாம், கண்ணுக்கும் தெரியும். அழுக்கு வேலைக்கு இரண்டில் ஒன்று என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

நறநறப்புக்குக் காரணம் வேறு. விலை குறைந்த கத்திகளில்கூட இப்போது மூட்டில் பால் பேரிங் போடுகிறார்கள். கடையில் விரலால் தட்டினால் வழுக்கிக்கொண்டு திறக்கும், பார்க்க அழகாக இருக்கும். கடற்கரை மணல் உள்ளே போனால் அந்தக் குண்டுகளுக்கு நடுவே மாட்டி அரைக்க ஆரம்பிக்கும். வெண்கல வாஷரோ நைலான் வாஷரோ போட்ட மூட்டு கொஞ்சம் இறுக்கமாகத் திறந்தாலும் மணலைப் பொறுத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங்கில் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் இருக்கும் குழியில் மண் சேர்ந்தால் பிரிக்காமல் எடுக்க முடியாது, அதோடு ராத்திரி வாகனச் சோதனையில் அதைத் தோட்டக் கத்தி என்று நம்பவைப்பதும் கஷ்டம்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. கத்தி மடங்கியே ஆகவேண்டுமா? இடுப்பில் பையோ பெல்ட்டோ கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர் என்றால், மடங்காத சின்னக் கத்தியே உங்களுக்குச் சரி. மூட்டே இல்லை, அதனால் மணல் புக இடமும் இல்லை, மடங்கி விரலை வெட்டவும் வழியில்லை. ஸ்வீடன் நாட்டு மோரா கம்பானியன் இதற்கு நல்ல உதாரணம். பத்து சென்டிமீட்டர் அலகு, ரப்பர் மாதிரிப் பிடிமானம் உள்ள பிடி, கழுவி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறை. வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ரகமா என்று பார்த்து வாங்குங்கள், அதே உருவத்தில் கார்பன் ரகமும் வருகிறது. தோல் உறை அழகுதான், ஆனால் சென்னை ஈரத்தில் அது வியர்வையையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு அலகோடு ஒட்டிக் கிடக்கும். ராத்திரி உறைக்குள் வைத்தால் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும்.

பாக்கெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால், ஒற்றை அலகு, முதுகுப் பூட்டு, நைலான் பிடி. பிடிக்குள் ஒரு பக்கம் ஊற்றிய தண்ணீர் மறுபக்கம் வெளியே வரவேண்டும். கடையில் அலகைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், உள்ளே வெளிச்சம் தெரிந்தால் தண்ணீரும் போகும்.

நிறையப் பேர் ஓபினெல் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பிரான்சில் 1890-லிருந்து செய்கிறார்கள், கழுத்தில் சுழலும் வளையப் பூட்டு 1955-ல் வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த கத்தி, பழம் நறுக்க அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ஆனால் மரப்பிடி. வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் நனைந்தால் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. அவர்களிடமே நைலான் பிடி போட்ட ரகமும் இருக்கிறது, வாங்கினால் அதை வாங்குங்கள். சுவிட்சர்லாந்து நாட்டு விக்டோரினாக்ஸில் அலுமினியப் பிடி போட்டவை உறுதியானவை. வெந்நீரில் முக்கி நாலு தடவை திறந்து மூடினால் அழுக்கு வந்துவிடும். ஆனால் அந்த ரகங்கள் பலவற்றில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான். கயிறு, பை, குழாய்க்குப் போதும். வேர் வெட்ட, அதுவும் ஒருமுறை விரல் கொடுத்தவருக்கு, நான் தரமாட்டேன்.

சரி, எஃகு. குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ் என்று பெயர். கத்திக்கு 13 சதவீதம் சுமாராக இருப்பது நல்லது. 12சி27, 420, 8சிஆர்13 என்று அலகில் பொறித்திருப்பவை இந்த வகை. டி2 என்று போட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அதில் குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும் கார்பனும் அதிகம். குரோமியத்தில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கட்டுண்டு போவதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கூர் நிறைய நாள் நிற்கும், உப்புக் காற்றுக்குத் தாங்காது. தினமும் தீட்டத் தெரிந்தவருக்கு மென்மையான எஃகே லாபம், ஐந்து நிமிடத்தில் கூர் திரும்பிவிடும். பணம் இருப்பவர்களுக்கு ஹெச்-1 மாதிரி நைட்ரஜன் சேர்த்த எஃகுகள் இருக்கின்றன, கடல் தண்ணீரிலேயே வேலை செய்கிறவர்களுக்கானவை. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. கறுப்புப் பூச்சு துருவை நிறுத்தும் என்று நம்பி வாங்காதீர்கள். வாய் தீட்டப்பட்ட இடம், அங்கே பூச்சு இருக்காது. உங்கள் கத்தியில் ஓரத்தில் மட்டும் துரு பிடித்தது அதனால்தான்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் நம் ஊர்க் கொல்லர்கள் அடித்துக் கொடுக்கும் கத்தியும் அருமையானது. பதம் சரியாக அமைந்துவிட்டால் பச்சை மட்டையைச் சீவித் தள்ளும். ஆனால் அது கார்பன் எஃகு. ஒரு நாள் துடைக்க மறந்தாலும் துருவேறும், வாழைக்கறை பட்டால் கறுத்துவிடும். வீட்டில் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது. நனைந்த பாக்கெட்டுக்கு வேண்டாம்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. அலகு மூன்று, மூன்றரை அங்குலம், கனம் இரண்டரை மில்லிமீட்டர் போதும். பிடி ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும், உரக் குவியலில் கறுப்புக் கத்தியைத் தேடி எடுக்க முடியாது. பல் வைத்த வாய் நைலான் கயிற்றுக்கு நன்றாக இருக்கும், ஆனால் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது. சமமான வாயே எடுங்கள். ஆயுதச் சட்ட விதிகளில் ஒன்பது அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம் என்று அலகுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. இது அதற்கு வெகு கீழே. இருந்தாலும் வேலை இல்லாத நாளில் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரியாமல், கத்தரி, ஸ்பானரோடு வேலைப் பையிலேயே வையுங்கள். விமானத்தில் கையில் எடுத்துச் செல்லும் பையில் விடமாட்டார்கள்.

அப்புறம் கழுவுவது. இதை ஒழுங்காகச் செய்தால் சாதாரணக் கத்தியும் உழைக்கும். கடற்கரையை ஒட்டிய பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் உப்பை நாமே பூசிவைத்த மாதிரி. மண்ணைப் போக்க அந்தத் தண்ணீர் போதும், கடைசியாக ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ. உர மூட்டை கிழித்த நாளில் இது கட்டாயம். பொட்டாஷ் உரமும் பெரும்பாலும் குளோரைடு உப்புதான், ஸ்டெயின்லெஸ் எஃகிலும் ஊசி குத்தின மாதிரிக் குழி விழவைக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மூட்டைத் தேய்த்து, உதறி, திறந்தபடியே காயவையுங்கள். காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் மூட்டில் ஒரு சொட்டு, அலகில் துணியால் ஒரு தடவல். அதிகம் விட்டால் மணல் வந்து ஒட்டும். தேங்காய் எண்ணெய் மூட்டுக்குள் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும், அதை விடாதீர்கள்.

பாதி வேலைக்குக் கத்தியே தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். டேப், கோகோபீட் (தென்னை நார்த் தூள்) கட்டின் பட்டை, சிமெண்ட் சாக்கு இதற்கெல்லாம் பிளேடை ஒடித்து ஒடித்துத் தள்ளும் கட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். விரல் கனத்துக்கு மேல் இருக்கும் வேருக்குக் கத்தரி. மண்ணைக் கிளற, மூடி நெம்ப ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர். என்னிடம் முனை உடைந்து வரும் கத்திகள் எல்லாம் நெம்பினதால் உடைந்தவை.

பழைய கத்திக்கு வருவோம். நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் பிட், பெரும்பாலும் டி-6, டி-8, இருந்தால் பிரித்துவிடலாம். பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, துருவைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து, காயவைத்து மறுபடி மாட்டுங்கள். திருகு தளராமல் இருக்க திருகுக்கு விடும் பசையான நீலநிற லாக்டைட் ஒரு சொட்டு போதும். அதற்குப் பிறகு அலகைத் திறந்து, வாய் போகும் பாதையில் விரல் இல்லாமல் பிடித்துக்கொண்டு, முதுகை மேஜை விளிம்பில் மெல்ல அழுத்துங்கள். பூட்டு இம்மி நகர்ந்தாலும் முட்டுத் தகடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் இல்லை. அப்படியானால் மறுபடி பையில் போடாதீர்கள், உதவிக்கு வரும் பையன்கள் கையிலும் கொடுக்காதீர்கள். வாயைக் கல்லில் தேய்த்து மொட்டையாக்கிவிட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.