பிரிட்டனின் தொழில் நகரம் ஒன்றில் வளர்ந்த அனுபவம் எப்படி இருந்தது? அந்த ஊரின் வரலாறு உங்களுக்கு எப்படித் தெரியவந்தது?

கேள்வி பொதுவாகக் கேட்கப்பட்டிருந்தாலும், நான் வளர்ந்த மெர்தர் டிட்வில் என்ற ஓர் ஊரை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். தெற்கு வேல்ஸில், காடிஃபுக்கு வடக்கே, டாஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது அந்த ஊர். மதுரையில் மருத்துவம் படித்த என் தந்தை 1970களின் இறுதியில் அங்கே குடும்ப மருத்துவராகப் பணியில் சேர்ந்தார். நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்குச் சென்று வேலை பார்க்க உள்நாட்டு மருத்துவர்கள் அவ்வளவாக முன்வராத காலம் அது; அந்த இடங்களை நிரப்பியவர்களில் பெரும்பகுதியினர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்கள். இதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1948-இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவைத்த அமைச்சர் அனியூரின் பெவன், எங்களுக்குப் பக்கத்து ஊரான ட்ரெடீகரில் பிறந்தவர். அங்கே தொழிலாளர்கள் தம் கூலியில் ஒரு பங்கைச் சந்தாவாகக் கட்டி நடத்திவந்த மருத்துவ உதவிச் சங்கம்தான் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது.

ஊர் வரலாறு எனக்குப் பள்ளிப் பாடமாக வருவதற்கு முன்பே, அப்பாவின் கிளினிக்கில் காத்திருப்போர் அறையில் வந்து சேர்ந்தது. பள்ளி விட்டதும் அம்மா வரும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர்கள் சுவரோரம் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். நிலக்கரித் தூள் நுரையீரலில் படிந்து வரும் நோயை அவர்கள் வெறுமனே 'தூசி' என்றுதான் சொல்வார்கள். மருத்துவக் குழு ஒன்று ஒவ்வொருவரையும் சோதித்து, உடல்திறன் எவ்வளவு போய்விட்டது என்பதைச் சதவீதத்தில் குறித்துத் தரும். உதவித்தொகை அதைப் பொறுத்தது. ஆகவே, நம் ஊரில் பென்ஷன் எவ்வளவு வருகிறது என்று விசாரிப்பதுபோல, அவர்கள் ஒருவரையொருவர் "உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்டுக்கொள்வார்கள். முப்பது, ஐம்பது என்று பதில் வரும். ஐம்பது என்று சொன்னவர் அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்குவார். நிலக்கரியைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

நாங்கள் விளையாடிய மேடுகள் இயற்கையான குன்றுகள் அல்ல. உலைகளிலிருந்து நூறாண்டுகளுக்கும் மேலாகக் கொட்டிவந்த கசடு இறுகி, புல் முளைத்து, குன்றுபோல ஆகியிருந்தது. தோண்டினால் கண்ணாடி போன்ற கட்டிகள் கிடைக்கும். உடைத்தால் உள்ளே நீலமும் பச்சையுமாக வரிவரியாக இருக்கும். அவற்றைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பை கிழிந்ததற்கு வசவு வாங்குவது வழக்கம். மலையில் மேயும் ஆடுகள் ஊருக்குள் இறங்கி வந்து குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்துவிடுவது அன்றாடக் காட்சி. தெருவில் மாடு திரியும் ஊரிலிருந்து வந்த என் பெற்றோருக்கு அது ஒன்றுதான் பழக்கப்பட்டதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கசடு எப்படி வந்தது என்பதே ஊரின் வரலாறு. இரும்புக்கல், நிலக்கரி, சுண்ணாம்புக்கல், ஓடும் நீர் ஆகிய நான்கும் அருகருகே கிடைத்ததால் 1759-இல் டவ்லைஸ் இரும்பாலையும், 1763-இல் பிளிமத் ஆலையும், 1765-இல் கவார்த்வா ஆலையும், பின்னர் பெனிடாரன் ஆலையும் எழுந்தன. 1801-இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் மெர்தரில் 7,705 பேர்; வேல்ஸிலேயே பெரிய ஊர் அதுதான். இன்று தலைநகரான காடிஃபில் அப்போது 2,000 பேர்கூட இல்லை. 1851-இல் மெர்தரின் எண்ணிக்கை 46,000-ஐத் தாண்டிவிட்டது. 1840களில் டவ்லைஸ் ஆலையில் 18 உலைகள் எரிந்தன. 7,000 பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். உலகின் மிகப் பெரிய இரும்பாலை அது என்று கருதப்பட்டது. ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் தண்டவாளங்கள் இங்கிருந்து போயின.

ஆனால் இத்தனை பேருக்குக் குடிநீர் இல்லை. ஆலைகளின் நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் இருந்தது. வீடுகளுக்குக் குழாய் இல்லை. ஊற்று நீர் கசியும் மதகுகளின் முன் பெண்கள் குடங்களோடு இரவிலும் வரிசையில் நின்றார்கள். 1849-இல் வந்த காலரா 1,400-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு அரசு ஆய்வாளர் ராம்மெல் அளித்த அறிக்கையில் கழிவுநீர்ச் சாக்கடை, குடிநீர் இரண்டும் இல்லாத நிலை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. பள்ளியில் எங்களுக்கு டவ்லைஸின் உற்பத்தி அளவைச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, இந்த வரிசையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொன்னவர் எதிர்வீட்டுப் பாட்டி. அவருக்கு அவருடைய பாட்டி சொன்னதாம்.

1831-ஆம் ஆண்டு எழுச்சியும் அப்படித்தான் வீடுகள் வழியாக வந்தது. கூலிக் குறைப்பு ஒருபுறம். கடன் நீதிமன்றம் ஆட்களை அனுப்பி வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்தது மறுபுறம். ஜூன் தொடக்கத்தில் மக்கள் திரண்டு, பறிபோன பொருள்களை மீட்டு உரியவர்களின் வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஜூன் 3-ஆம் நாள் காஸில் விடுதியின் முன் கூடிய கூட்டத்தின்மேல் படையினர் சுட்டதில் குறைந்தது 16 பேர் இறந்தார்கள். பிரிட்டனில் தொழிலாளர் போராட்டத்தின் அடையாளமாகச் சிவப்புக் கொடி முதலில் உயர்ந்தது இங்கேதான் என்பது ஊராரின் பெருமை. ஒரு படைவீரரைத் துப்பாக்கிக் கத்தியால் குத்தியதாக டிக் பெண்டெரின் என்ற 23 வயது இளைஞர் பிடிபட்டார். குத்துப்பட்டவர் உயிர் பிழைத்தார்; இவரைத்தான் குத்தியவர் என்று அடையாளம் காட்டவும் அவரால் முடியவில்லை. 11,000 பேர் கையெழுத்திட்ட மனுவும் பலிக்காமல், ஆகஸ்ட் 13-ஆம் நாள் காடிஃபில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருந்த வேறொருவர் குத்தியது தானே என்று சாகும் தறுவாயில் ஒப்புக்கொண்டார். மெர்தரில் அந்தப் பெயரைச் சொன்னால் நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள்.

இதற்கு நேர்மாறாக, முதலாளிகளின் வரலாற்றை யாரும் வாயால் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அது கல்லாகவே நின்றது. இரண்டாம் வில்லியம் கிராஷே 1825-இல் கட்டி முடித்த கவார்த்வா கோட்டைக்குள் என் பள்ளியின் கீழ் வகுப்புகள் நடந்தன. கோட்டை என்று பெயர் இருந்தாலும் எந்தப் போரையும் பார்க்காத மாளிகை அது. 72 அறைகள், கட்டச் செலவு 30,000 பவுன் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஊராட்சி அதை வாங்கியபின் ஒரு பகுதி அருங்காட்சியகம், ஒரு பகுதி பள்ளி. உயர்ந்த ஜன்னல்களின் வழியாகப் பார்த்தால், ஆற்றுக்கு அப்பால் பழைய உலைகளின் வளைவுகள் தெரியும். தன் உலைகள் இரவில் எரிவதை மாளிகையிலிருந்தபடியே பார்க்க வேண்டும் என்று முதலாளி விரும்பியிருக்கிறார். கடைசிக் காலத்தில் ஆலையை நடத்திய ராபர்ட் தாம்ப்ஸன் கிராஷே, தொழிற்சங்கத்தோடு மல்லுக்கட்டி 1874-இல் உலைகளை அணைத்துவிட்டு, 1879-இல் இறந்தார். வேய்னர் கல்லறையில் அவர்மேல் வைத்த பிரம்மாண்டமான கற்பலகையில் 'கடவுளே, என்னை மன்னியும்' என்று பொறித்திருக்கிறது. எதற்காக என்று அதில் இல்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள்.

மெர்தர் உலக வரலாற்றில் இடம்பெறும் நாள் ஒன்று உண்டு: 1804 பிப்ரவரி 21. பெனிடாரன் ஆலை முதலாளி ஹோம்ஃப்ரே, கவார்த்வா முதலாளி ரிச்சர்ட் கிராஷேயோடு 500 கினி பந்தயம் கட்ட, ரிச்சர்ட் ட்ரெவிதிக் செய்த நீராவி எஞ்சின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒன்பதரை மைலுக்கு மேல் தண்டவாளத்தில் ஓடியது. எஞ்சினின் எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்ததால் முயற்சி நின்றுபோயிற்று. ரயிலைக் கண்டவர் என்ற புகழ் பின்னால் வந்த ஸ்டீபன்சனுக்குப் போய்விட்டது என்ற மனக்குறை எங்கள் ஊருக்கு இன்றும் உண்டு.

இறக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளூர் இரும்புக்கல் தீர்ந்து, ஸ்பெயினிலிருந்து கல் வரத் தொடங்கியதும், துறைமுகத்திலிருந்து தள்ளியிருந்த டவ்லைஸுக்கு வேலை குறைந்தது. ஸ்பெயினிலிருந்து டவ்லைஸுக்கு வந்த தொழிலாளர்கள் குடியிருந்த தெருவுக்கு ஸ்பெயின் மன்னர் அல்ஃபோன்ஸோவின் பெயர் இருக்கிறது. 1930-இல் எஃகு உற்பத்தி நின்றது. 1936 நவம்பரில் எட்டாம் எட்வர்ட் மன்னர் வந்து அந்த இடிபாடுகளைப் பார்த்து, ஏதாவது செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமே முடி துறந்தார். 1948-இல் ஹூவர் நிறுவனத்தின் சலவை இயந்திர ஆலை வந்தது. சிங்க்ளேர் சி5 என்ற மூன்று சக்கர மின்வண்டியையும் 1985-இல் அங்கேதான் செய்தார்கள். ஊரே கேலி பேசிய அந்த வண்டி எங்கள் வகுப்புப் பையன்களுக்கு மட்டும் பெருங்கனவாக இருந்தது. அந்த ஆண்டே அதன் உற்பத்தி நின்றது. 2009-இல் ஆலையே மூடப்பட்டது.

அபர்வானைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மெர்தருக்குத் தெற்கே சில மைல்களில் இருக்கும் சுரங்கக் கிராமம் அது. 1966 அக்டோபர் 21 காலை, ஊற்றின்மேல் கொட்டப்பட்டிருந்த ஏழாம் எண் கழிவு மேடு சரிந்து பன்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். விசாரணை ஆணையம் தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லியும், மீதியிருந்த மேடுகளை அகற்ற, மக்கள் அனுப்பிய நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுனை எடுத்தார்கள். 1997-இல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் வட்டியில்லாமல். 1831-ஐப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள், தம் கண்ணால் கண்ட 1966-ஐப் பற்றிப் பேச மாட்டார்கள். காரில் போகும்போது மலைச்சரிவில் கல்லறைகளின் வெள்ளை வளைவுகள் தெரியும்; அந்த இடம் வந்ததும் அப்பா வானொலியின் ஒலியைக் குறைப்பார். அவருடைய நோயாளிகளில் சிலர் அந்தப் பெற்றோர்கள் என்பது எனக்குப் பெரியவனான பின்பே தெரிந்தது.

தொழிலாளர் குடியிருப்புகளில் எஞ்சியவை கொஞ்சம்தான். என் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த ரீடகார் வரிசை வீடுகளை ரிச்சர்ட் கிராஷே இரும்புக்கல் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டினார். 1979 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அங்கே யாரும் குடியிருக்க முடியவில்லை. ஆறு வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்து, காடிஃபுக்கு வெளியே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் கட்டி, 1805, 1855, 1895, 1925, 1955, 1985 என்று ஒவ்வொரு வீட்டையும் ஒரு காலத்துக்கு உரியதாக அமைத்தார்கள். முதல் வீட்டில் அடுப்பும் சில மரச்சாமான்களும். கடைசி வீட்டுக்குள் நுழைந்தால் எங்கள் தெருவின் வரவேற்பறை, தொலைக்காட்சிப் பெட்டி உட்பட. முதலாளியின் மாளிகை கட்டிய இடத்திலேயே நிற்க, அவருடைய ஆட்களின் வீடுகள் பிழைப்பதற்கு இருபது மைலுக்கு மேல் இடம்பெயர வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும், இடித்துத் தரைமட்டமாக்கிய மற்ற குடியிருப்புகளை நினைத்தால் இதையாவது செய்தார்களே என்றுதான் தோன்றுகிறது.

போய்ப் பார்க்க விரும்புவோர் செயின்ட் ஃபேகன்ஸில் தொடங்குங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. அந்த ஆறு வீடுகளையும் 1805-இலிருந்து வரிசையாகப் பார்த்துவிட்டு, மறுநாள் காடிஃபிலிருந்து ரயிலில் மெர்தருக்குச் செல்லுங்கள்; ஒரு மணி நேரப் பயணம். கோட்டைக்குள் போவதற்கு முன் ஆற்றைக் கடந்து, கவார்த்வா உலைகளின் அடியில் நின்று மேலே மாளிகையைப் பாருங்கள். எதிர்த்திசைக் காட்சியைத்தான் வழிகாட்டிப் பலகைகள் காட்டும்.