ஏஐ வந்த பிறகும் வேர்ட்பிரஸ் கற்றுக்கொள்வதில் பயன் உண்டா?

படிப்பை முடித்துவிட்டு, இணையதளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கான கோர்ஸில் பணம் கட்டலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வியை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. "எல்லாம் ஏஐயே செய்யுதே, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு காசு?" என்று, வேர்ட்பிரஸில் தளங்களைக் கவனித்துத் தரும் என்னிடம் வாடிக்கையாளர்கள் தினமும் கேட்பதும் இதுதான்.

முதலில் ஒன்று. நான் ஏஐக்கு எதிரி இல்லை. சின்னச் சின்ன பிஎச்பி நிரல் துணுக்குகள், பழைய எக்செல் பட்டியலைச் சீராக்குவது, படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தில் இருப்பதை விவரிக்கும் வரி) வரைவு எல்லாவற்றுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பொறாமையில் எழுதுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2003-ல் வந்த வேர்ட்பிரஸில் 2018-ல், பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கும் குட்டன்பர்க் எடிட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள். வேலை போய்விடவில்லை, வேலையின் இடம்தான் மாறியது. இப்போதும் அப்படித்தான் என்பது என் கருத்து.

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கடைக்காரரின் மகன் வேறொருவரை வைத்து ஏஐ பிளக்இன் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) ஒன்றைப் போட்டார். படத்தைப் பார்த்து அதுவே விவரம் எழுதி, அதுவே வெளியிட்டும் விடும். ஒரே இரவில் எல்லாச் சேலைக்கும் அழகான தமிழில் விவரம் வந்துவிட்டது. படித்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால் சுங்குடியில் இரண்டு வகை உண்டு. துணியில் நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் தோய்ப்பது ஒன்று. அதே புள்ளியை அச்சில் போடுவது இன்னொன்று. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது. கைக்கட்டுக்கும் அச்சுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். போட்டோவில் இரண்டும் வெள்ளைப் புள்ளிதான். ஏஐ இரண்டுக்கும் "கைகளால் முடிச்சிட்டு, இயற்கைச் சாயத்தில் தோய்க்கப்பட்டது" என்று எழுதி வைத்திருந்தது. இயற்கைச் சாயம் என்று கடையில் யாரும் சொன்னதே இல்லை. அச்சுச் சேலை வாங்கிய ஒரு அம்மா போனில், "தம்பி, இது கைக்கட்டுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டபோது கடைக்காரரான பெரியவர் கூனிக்குறுகிப் போய்விட்டார். பல வருடமாகச் சேர்த்த நல்ல பெயர் அது.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். பொருள் பக்கங்களுக்கு ரிவிஷன் (பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி) இயக்கப்படாததால் பழைய விவரங்களை பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. கைக்கட்டா அச்சா, சாயம் எது, நெசவு எந்த ஊர் என்று தனித்தனி ஃபீல்டு (விவரம் நிரப்பும் கட்டம்) உருவாக்கினேன். அவற்றைக் கடைக்காரர் மட்டுமே நிரப்புவார். நிரப்பியதை வைத்து ஏஐ வாக்கியம் எழுதும், ஃபீல்டு காலியாக இருந்தால் அதைப் பற்றி எழுதவே எழுதாது. பிளக்இன்னுக்கென்று தனிப் பயனர் கணக்கு போட்டு, பப்ளிஷ் உரிமையை, அதாவது தானே வெளியிடும் உரிமையை, எடுத்துவிட்டேன். வலைப்பதிவு மட்டும் என்றால், எழுதலாம் ஆனால் வெளியிட முடியாது என்ற கான்ட்ரிபியூட்டர் ரோலே (பயனருக்கான உரிமைத் தொகுப்பு) போதும். கடைப் பொருள்களுக்குத் தனி ரோல் வேண்டும். இப்போது எல்லாம் வரைவாக வந்து நிற்கிறது, பெரியவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே வெளியே போகிறது.

     

சரி, உங்கள் கேள்வி. கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் "பத்தே நாளில் வெப்சைட்" என்று தீம் (தளத்தின் தோற்றம்) மாற்றவும் பக்கம் அடுக்கவும் மட்டும் சொல்லித்தரும் கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம், அதை ஏஐயே செய்கிறது. கஸ்டம் போஸ்ட் டைப் (சேலை போன்ற பொருள்களுக்கென்று தனி வகைப் பதிவு), கஸ்டம் ஃபீல்டு, ரோல்கள், ரிவிஷன், பேக்கப் இவற்றிலிருந்து தொடங்குங்கள்.