தாலுகா மருத்துவமனையில் சிசேரியன் நின்றுவிட்டதா? முதலில் அயல்பணி உத்தரவைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் சில மாதங்களாக சிசேரியன் நடப்பதில்லை. வலியோடு போனால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ரெஃபர் செய்துவிடுகிறார்கள். ஊரில் எல்லோரும் சாலை மறியல் செய்யலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: மறியலைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். எதைக் கேட்டு மறியல் என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது.

அரசு மருத்துவமனையில் ஒரு சேவை பெரும்பாலும் அறிவிப்போடு மூடப்படுவதில்லை, ஓசையில்லாமல் நின்றுபோகிறது. சிசேரியனுக்கு மகப்பேறு மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், பிறந்த குழந்தையைப் பார்க்க ஒரு மருத்துவர், இயங்கும் அறுவை அரங்கம், ரத்த சேமிப்பு மையம் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பணியில் இருக்கும் டாக்டர் துணிந்து கத்தியை எடுக்க மாட்டார். எடுக்கவும் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுக்காவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உயிர் போகலாம்.

பல இடங்களில் முதலில் காணாமல் போவது மயக்கவியல் மருத்துவர்தான். அவர் வேலையை விட்டிருக்க மாட்டார், அயல்பணியில் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருப்பார். சம்பளம் உங்கள் ஊர்ப் பணியிடத்தில்தான் விழும். பதிவேட்டில் அந்த இடம் நிரம்பியதாகவே இருக்கும், அதனால் டாக்டர்களின் இடமாறுதல் கலந்தாய்வின் காலியிடப் பட்டியலிலும் வராது. 'டாக்டர் போடுங்கள்' என்று மனு கொடுத்தால் 'பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது' என்று பதில் வரும். அந்தப் பதில் பொய்யும் இல்லை. பல ஊர்ப் போராட்டங்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

ஆகவே முதல் வேலை தகவல் உரிமை மனு. தாலுகா மருத்துவமனை என்றால் மாவட்ட ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு. அலுவலகம் மாறிப்போனாலும் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய இடத்துக்கு அனுப்பியாக வேண்டும், ஆனால் நடைமுறையில் நாள் வீணாகும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள்.

'ஏன் சிசேரியன் செய்வதில்லை?' என்று கேட்காதீர்கள். இந்தச் சட்டம் ஆவணங்களைத் தரும், விளக்கம் தராது. கேட்க வேண்டியவை: பதவிவாரியாக அனுமதிக்கப்பட்ட இடங்களும் நிரம்பிய இடங்களும்; நடப்பில் உள்ள அயல்பணி உத்தரவுகளின் நகல்; கடந்த 36 மாதங்களின் பிரசவம், சிசேரியன், ரெஃபர் எண்ணிக்கை, மாதவாரியாக; ரத்த சேமிப்பு மையத்தின் அனுமதி செல்லும் தேதி. ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லி அவர் விடுப்பு விவரம் கேட்டால் தனிநபர் தகவல் என்று 8(1)(j) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

36 மாதம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 'பிரசவங்களே குறைவு, அதனால் அங்கே ஆள் தேவையில்லை' என்ற வாதம் நிச்சயம் வரும். டாக்டர் போன பிறகுதான் எண்ணிக்கை சரிந்தது என்பதை மாதக் கணக்குதான் காட்டும்.

பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் இழுக்கும், அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

இதற்கிடையில் ஒரு நோட்டுப் போடுங்கள். ரெஃபர் ஆன ஒவ்வொருவருக்கும் தேதி, கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், சீட்டில் எழுதிய காரணம், வண்டிச் செலவு. சீட்டின் நகலைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு வாங்குங்கள், வெளியில் பெயர் வேண்டாம். உள்ளூர் 108 வண்டி அந்தப் பயணத்தில் எத்தனை மணி நேரம் ஊரில் இல்லை என்பதையும் குறியுங்கள். விபத்தில் அடிபட்டவருக்கும் மாரடைப்புக்காரருக்கும் அந்நேரம் வண்டி கிடைக்காது. சிசேரியன் பிரச்சினை கர்ப்பிணிகளின் பிரச்சினை மட்டுமல்ல என்று அதிகாரிக்குப் புரியவைப்பது இந்தக் கணக்குதான். கிராம சுகாதார செவிலியரிடம் கையெழுத்து கேட்காதீர்கள், பாவம், அவர் வேலைக்கு உலை வைத்துவிடும்.

கைக்கு ஆவணம் வந்ததும் கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள்: அயல்பணி உத்தரவை ரத்து செய்க, அதுவரை தேசிய நலவாழ்வுக் குழும நிதியில் தனியார் மயக்கவியல் மருத்துவரை அறுவைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில் அழைத்துக்கொள்க. 'மருத்துவமனையைத் தரம் உயர்த்துக', 'இதய சிகிச்சைப் பிரிவு தொடங்குக' என்றெல்லாம் கூடவே சேர்த்தால் கோப்பு நிதித்துறைக்குப் போய் அங்கேயே படுத்துவிடும்.

திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். நகல்கள் இணை இயக்குநருக்கும், சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருத்துவம், ஊரக நலப்பணிகள் இயக்குநருக்கும், உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம்.

கிராம சபை இதற்கு நல்ல கருவி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அந்த மருத்துவமனையை நம்பியிருக்கும் பல ஊராட்சிகள் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால் அதற்குத் தனி கனம். குறைவெண் (கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள் எண்ணிக்கை) வராத கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்று தள்ளிவிடலாம், ஆகவே பெண்களை முன்கூட்டியே திரட்டுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியாயிற்றா என்று பார்த்து நகல் வாங்கிய பிறகு கலையுங்கள்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் ஆர்ப்பாட்டம், காவல்துறை அனுமதியோடு, ஆட்சியர் அலுவலகம் முன்பு. மருத்துவமனை வளாகத்துக்குள் வேண்டாம். அங்கே மிச்சமிருக்கும் ஒரே டாக்டரைச் சூழ்ந்துகொண்டு கத்தினால் அவரும் மாறுதல் கேட்டுப் போய்விடுவார். கைகலப்பானால் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கான 2008ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் பாயும், அது பிணையில் விடமுடியாத குற்றம்.

உயர் நீதிமன்றம் கடைசி வழி. 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராதது உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவை மீறுவது, நிதி இல்லை என்பது சாக்காகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொதுநல வழக்கு போட்டால் நீதிபதிகள் முதலில் கேட்பது 'அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா?' என்பதுதான். மனு எண்ணும் தகவல் உரிமைப் பதிலும் நோட்டும் அப்போது கையில் இருக்க வேண்டும்.

டாக்டர் திரும்பி வந்துவிட்டாலும் ஒரு மாதம் கழித்து, இரவு 8 மணிக்கு மேல் எத்தனை சிசேரியன் நடந்தது என்று கேளுங்கள். பகலில் மட்டும் நடந்து இரவில் ரெஃபர் தொடர்ந்தால் ரத்த சேமிப்பு மையத்தைப் பாருங்கள். அனுமதி காலாவதியாகியிருக்கலாம், அல்லது இரவுப் பணிக்கு ஆய்வக நுட்புநர் இல்லாமல் இருக்கலாம். அடுத்த மனு அதற்கு.