டிராஷைக் காலி செய்தால் போதுமா? வாசகர் கேள்விகள்

தண்டர்பேர்ட் மெயில் மென்பொருளில் டெலிட் அழுத்தினால் மெயில் டிராஷுக்குத்தான் போகிறது. நேரடியாக அழிப்பது எப்படி? (அம்மாப்பேட்டை)

ஷிப்ட் + டெலிட். பேக்கப் எடுத்துவிட்டு அழுத்துங்கள்.

கணினியில் அழித்த மெயில்கள் போனிலும் காணவில்லை. என்ன கோளாறு? (ஏற்காடு)

கோளாறு இல்லை, உங்கள் கணக்கு ஐமேப். மெயில் இருப்பது சர்வரில்; எங்கிருந்து அழித்தாலும் எல்லா இடத்திலும் போகும். ஜிமெயில் என்றால் டிராஷில் சுமார் 30 நாள் கிடக்கும், உடனே பாருங்கள். இனிமேல் வேண்டியதை, உங்கள் கணினியிலேயே இருக்கும் லோக்கல் ஃபோல்டருக்கு காப்பி செய்து, திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள்.

மெயில் அழிய மாட்டேங்குது. அவசரம்! (ஓமலூர்)

எந்த மென்பொருள்? ஐமேப் கணக்கா, மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கா? திரையில் என்ன வருகிறது? இது எதுவும் எழுதாமல் 'அவசரம்' என்று மட்டும் எழுதினால் நான் எங்கே கை வைப்பது? விவரத்தோடு எழுதுங்கள்.

பழைய கணினியை விற்கப் போகிறேன். தண்டர்பேர்டில் எல்லாவற்றையும் அழித்து டிராஷையும் காலி செய்துவிட்டேன். போதுமா? (செவ்வாய்ப்பேட்டை, கொலுசு வியாபாரி)

போதாது. எத்தனை முறை சொன்னாலும் இதே தவறைத்தான் செய்கிறீர்கள்.

தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில்களை எல்லாம் ஒரே கோப்பில் வரிசையாகச் சேர்த்து வைக்கும். நீங்கள் அழித்ததும் அந்த மெயிலின் தலைப்பகுதியில் ஓர் அடையாளம் மட்டும் மாறும். எழுத்து அப்படியே இருக்கும். ஃபோல்டர் காம்பேக்ட் ஆகும்போதுதான், அதாவது கோப்பைச் சுருக்கும்போதுதான், கோப்பிலிருந்து நீங்கும்.

போன வருடம் ஐந்து ரோடு பக்கம் பழைய கணினி ஒன்று வாங்கினேன். தண்டர்பேர்டைத் திறந்தால் இன்பாக்ஸ் காலி. ஆனால் இன்பாக்ஸ் கோப்பு 300 எம்பிக்கு மேல் இருந்தது. நோட்பேடில் திறந்தேன். 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்: 0009' என்று ஒரு வரி. படித்து, பிறகு அழித்த மெயில் என்று அர்த்தம். அதன் கீழே, நகைக்கடன் கட்டாவிட்டால் ஏலம் என்று ஒரு பெண்ணுக்கு வங்கி அனுப்பிய கடிதம், கணக்கு எண்ணோடு. எனக்குக் கை நடுங்கியது. அந்தம்மா அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்திருப்பார். உங்கள் கணினியில் இருப்பதோ வாடிக்கையாளர்களின் கணக்கு வழக்கு.

எனவே, முதலில் பேக்கப். பிறகு ஃபைல் மெனுவில் 'காம்பேக்ட் ஃபோல்டர்ஸ்'. அதன்பின் விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கும் தேர்வோடு, டிரைவைத் துடைக்கும் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். சில மணி நேரம் ஓடும், ஓடட்டும். இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கணினியை மட்டும் விற்றுவிடுங்கள்.

அவுட்லுக்கில் ஆயிரக்கணக்கான மெயில் அழித்தும், மெயில்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு சிறிதாகவில்லை. (ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை)

அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ், செட்டிங்ஸ், 'காம்பேக்ட் நவ்'. அதற்குமுன் அவுட்லுக்கை மூடி, பிஎஸ்டியை வேறு டிஸ்க்கில் ஒரு காப்பி போடுங்கள். 50 ஜிபியைத் தொடும்வரை காத்திருக்காதீர்கள்.

தண்டர்பேர்ட் இன்பாக்ஸில் முக்கியமான மெயிலை ஷிப்ட் + டெலிட் செய்துவிட்டேன். பாப் கணக்கு, சர்வரிலும் இல்லை. (மேட்டூர்)

காம்பேக்ட் ஆகியிருக்காவிட்டால் கிடைக்கும். தண்டர்பேர்டை இப்போதே மூடுங்கள். இன்பாக்ஸ் கோப்பைத் தனியாக ஒரு காப்பி எடுங்கள். பிறகு அசல் கோப்பில் அந்த மெயிலின் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' வரியில் உள்ள 0009-ஐ 0001 என்று மாற்றிச் சேமித்து, பக்கத்தில் இருக்கும் எம்எஸ்எஃப் கோப்பை (இன்பாக்ஸின் அட்டவணைக் கோப்பு) மட்டும் நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள்.