கட்டட அனுமதிக் கோப்பைக் கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்கிறார்கள்; நான் கொடுத்த புகார் பத்திரமாக இருக்குமா?

கேள்வி: பக்கத்து மனையில் அனுமதி வாங்கியதைவிட ஒரு தளம் கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். நடவடிக்கை எதுவும் இல்லை. அந்தக் கட்டடத்தின் அனுமதிக் கோப்பைக் கேட்டால், “அது இன்னொருவருடைய தனிப்பட்ட விவரம், தர முடியாது” என்கிறார்கள். இன்னொரு பயமும் இருக்கிறது. அந்தக் கட்டட உரிமையாளரும் இதே மாதிரி விண்ணப்பித்து என் புகாரின் நகலை வாங்கிவிட்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. தனியுரிமையைக் கோப்பின் அட்டையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே வரி வரியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் விண்ணப்பத்தில் அலுவலகம் இதைச் செய்யவில்லை. உங்கள் புகாரை வேறொருவர் கேட்டால், உங்களைக் காப்பாற்றப்போவதும் இதே வேலைதான்.

முதலில் அனுமதிக் கோப்பு. எத்தனை தளத்துக்கு அனுமதி, எவ்வளவு உயரம், பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், எந்தத் தேதியில் யார் ஆய்வு செய்தார், என்ன குறிப்பு எழுதினார், நோட்டீஸ் போனதா. இவையெல்லாம் அலுவலகம் பொதுமக்கள் சார்பில் செய்த வேலையின் பதிவு. இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அதே கோப்பில் உரிமையாளரின் தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், கையொப்பம், சில நேரம் வங்கி விவரமும் இருக்கும். அவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம், தரவும் வேண்டும். இந்தியாவின் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: தரக்கூடாத பகுதியைப் பிரித்துவிட்டு மற்றதைக் கொடுக்கச் சொல்கிறது. பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டத்திலும் தனிநபர் தகவலுக்கான 40-ஆவது பிரிவு அந்தத் தகவலுக்கு மட்டும்தான் விலக்கு தருகிறது, அது இருக்கும் கோப்பு முழுவதற்கும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உரிமையாளர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டின் உள் வரைபடம். படுக்கையறை எங்கே, பின்கதவு எங்கே என்பது வெளியே போவதை யாரும் விரும்ப மாட்டார்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை. மனை வரைபடமும் வெளித்தோற்ற வரைபடமும் இருந்தாலே தளங்களை எண்ணிவிடலாம். இதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் மறுப்பதற்கான காரணம் ஒன்று குறைகிறது.

எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் 1966-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் நகராட்சியைக் கட்டுப்படுத்தாது. அங்கே அந்தந்த மாநிலத்தின் பொதுப்பதிவுச் சட்டத்தின் கீழ்தான் கேட்க வேண்டும். பிரிட்டனில் (ஸ்காட்லாந்து தவிர) 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மிகச் சிறிய உள்ளூர் மன்றம் வரை செல்லும். 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாள். இந்தியாவில் 30 நாள், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கவே கூடாது. 1766-லேயே ஆவணங்களைத் திறந்துவிட்ட ஸ்வீடனில் பொதுவாக உங்கள் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள்.

இந்திய வாசகர்கள் அண்மைய மாற்றம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின்படி, பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது தேவையில்லாமல் அந்தரங்கத்தில் தலையிடும் தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்க முடிந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இது மக்களுக்கு நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநன்மை பெரிதாக இருந்தால், விலக்கு உள்ள தகவலையும் தரலாம். எனவே காரணம் சொல்லத் தேவையில்லை என்றாலும், இனி பொதுநன்மையை இரண்டு வரியில் நீங்களே எழுதிவிடுவது நல்லது. கூடுதல் தளத்தால் தீயணைப்பு வண்டி நுழைய வழி குறைகிறது, சுவரில் விரிசல் வருகிறது என்பது போல உண்மையில் இருப்பதை எழுதுங்கள்.

விண்ணப்பத்தின் வாசகம் ரொம்ப முக்கியம். “இன்னார் பற்றிய விவரம் தேவை” என்று ஆளின் பெயரில் தொடங்கினால், அப்போதே தனிநபர் தகவல் ஆகிவிடுகிறது. கதவு எண்ணையும் கோப்பு எண்ணையும் வைத்துக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: “மேற்படி முகவரியிலுள்ள கட்டடத்துக்கு வழங்கிய அனுமதி ஆணை, மனை வரைபடம், வெளித்தோற்ற வரைபடம், கள ஆய்வுக் குறிப்புகள், அனுப்பிய நோட்டீஸ்கள் ஆகியவற்றின் நகல் தேவை. தொலைபேசி எண், அடையாள எண், கையொப்பம், உள்ளறை அமைப்பு ஆகியவற்றை மறைத்துத் தரலாம். ஏதேனும் பகுதியை மறுத்தால், எந்தப் பகுதி, எந்தச் சட்டப்பிரிவின் கீழ் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.” எதை மறைக்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு, மொத்தமாகத் தரமுடியாது என்று எழுத அலுவலருக்குக் கை வராது.

உரிமையாளர் ரகசியமாகக் கருதும் தகவல் என்றால், இந்தியாவில் 11-ஆவது பிரிவின்படி அவருக்கு 5 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபம் சொல்ல 10 நாள் தருவார்கள். முடிவு 40 நாள் வரை போகலாம். அந்த அறிவிப்பில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பெயரைத் தெரிவிக்க வேண்டாம் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் புகார். சட்ட அமலாக்கத்துக்காக நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவரை அடையாளம் காட்டக்கூடிய விவரத்தையும், ஒருவரின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து தரும் விவரத்தையும் இந்தியச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவு காக்கிறது. பிரிட்டனில் விதிமீறல் புகார் கொடுத்தவரின் பெயரை உள்ளூர் மன்றங்கள் பொதுவாக ரகசியமாகவே வைக்கும். ஆனால் புதிய கட்டட விண்ணப்பத்துக்கு எழுதும் ஆட்சேபம் பொதுப்பதிவாகிவிடும். எதை எழுதுகிறோம் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியம்.

ஆனால் பெயரை மறைத்தால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. உங்கள் மாடியிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தாலே எந்த வீட்டிலிருந்து எடுத்தது என்று தெரியும். “என் சமையலறை ஜன்னலை மறைக்கிறது” என்ற ஒரு வரி உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். கையெழுத்தை அடையாளம் காண அக்கம்பக்கத்தாருக்கு நேரம் ஆகாது. கைபேசிப் படத்தின் கோப்பில் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். எனவே தெருவிலிருந்து படம் எடுங்கள், தட்டச்சு செய்து கொடுங்கள், கட்டடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். தொடர்பு விவரத்தைத் தனித்தாளில் வைத்து, இதை வெளியிட வேண்டாம் என்று மேலே குறிப்பிடுங்கள். அவர்கள் கேட்காத அடையாள அட்டை நகலை இணைக்கவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த புகாருக்கும் ரகசியம் காக்கக் கோரி இன்றே ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிவிடுங்கள். விவகாரம் விசாரணைக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் புகாரை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டி வரலாம்; அதற்கும் மனதளவில் தயாராக இருங்கள்.

மறைப்பதாகச் சொல்லிவிட்டு அலுவலகமே கோட்டைவிடுவதும் நடக்கும். லண்டனின் இஸ்லிங்டன் மன்றம் 2012-இல் ஒரு தகவல் கோரிக்கைக்கு எக்செல் கோப்புகளை அனுப்பியது. அட்டவணைகளுக்குள் 2,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களின் விவரம் ஒளிந்திருந்தது. சிலருடைய மனநலம், குடும்ப வன்முறை பற்றிய குறிப்புகளும் அதில் அடக்கம். அது இணையத்திலும் ஏறிவிட்டது. மறு ஆண்டு 70,000 பவுண்டு அபராதம். பிடிஎஃப்பில் வெறும் கறுப்புப் பட்டை போட்டால் கீழே இருக்கும் எழுத்தை நகலெடுத்துவிடலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில், அச்செடுத்து, மறைத்து, ஸ்கேன் செய்த நகலாகவே தர வேண்டும் என்று கேளுங்கள்.

வாய்மொழி மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்வது கடினம், அதனால் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இலங்கையில் 14 நாள். மனுவில் ஒரே ஒரு கேள்வியை முன்வையுங்கள்: மறைக்க வேண்டிய பகுதியைப் பிரித்துவிட்டு மீதியை ஏன் தரவில்லை?