பள்ளியில் கிறிஸ்துமஸ் தேவையா?

கேள்வி: என் மகளுக்குப் பள்ளியின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதை வேஷம். நாங்கள் கோட்டை மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். மாமியார் கூடவே கூடாது என்கிறார். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் தேவையா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தேவை என்றுதான் சொல்வேன் அம்மா. ஏற்காட்டில் வாத்தியாராக இருந்தவன் நான். டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்கும் சமயம், எஸ்டேட் பிள்ளைகள் பாதிப் பேர் வகுப்புக்கு வர மாட்டார்கள். ஆனால் மூங்கில் குச்சியில் நட்சத்திரம் கட்டும் அன்று எல்லோரும் வந்துவிடுவார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிற பிள்ளைகள்தான் அழகாகக் கட்டுவார்கள். ஒரு வருடம் ஒரு முஸ்லிம் அப்பா வந்து, "மகள் நடிக்க வேண்டாம் சார்" என்றார். சரி என்றேன். அந்தப் பெண் திரை இழுத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு!

விழா வேறு, வழிபாடு வேறு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தக் குழந்தையையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்வது இது. ஜெபம் உண்டா என்று டீச்சரிடம் கேளுங்கள். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் அங்கே இடம் உண்டா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் எனக்கும் வருத்தம்தான். அப்புறம், நாடகத்தன்று மாமியாரையும் அழைத்துப் போங்கள். பேத்தி வெள்ளைப் பாவாடையில் நிற்பதை அவர் பார்க்கட்டும்.